பரீட்சைக்கு வெச்சிருந்த பல்

வலிச்சா இடது கையைத் தூக்குங்கக்கான்னு ரிஸ்வானா சொல்லியிருக்கு. அதிலிருந்து இடது கை நினைப்பாவே இருக்கு எனக்கு. நாப்பத்தாறு வருஷமா கூடவே இருக்கிற கைதான், இன்னிக்கு என்னமோ வயித்து மேல தனியா ஒரு ஆள் உக்காந்திருக்கிற மாதிரி இருக்கு. வலது கைக்கு ஒரு உத்தரவும் இல்ல. அதுதான் என் சம்பாத்தியக் கை, பஜார்ல பாத்திரக்கடையில எவர்சில்வர் தூக்கு, குடம், சம்படம் எல்லாத்துலயும் பேர் வெட்டற கை, இங்க வந்து சும்மா கிடக்கு. ஊசி போட்டுப் பத்து நிமிஷம் ஆயிருக்கும். கீழுதட்டுல வலது பாதி என்னோடது இல்லன்னு ஆயிப்போச்சு. கிள்ளிப் பாத்தேன், விரலுக்கு உதடு தெரியுது, உதட்டுக்கு விரல் தெரியல. அப்ப வலின்னு ஒண்ணு இருக்கே, அது பல்லுல இருக்குதா, இல்ல எங்கயோ மேல உக்காந்து பாத்துக்கிட்டு இருக்குதா? இதை ரிஸ்வானாகிட்டக் கேக்கணும்னு நினைச்சேன், ஆனா கேக்கற நேரமா இது. இந்த ஹால்ல இருபத்தெட்டு நாற்காலி, எண்ணிட்டேன். ஒவ்வொண்ணுலயும் ஒருத்தர் வாயைப் பொளந்துக்கிட்டு மல்லாந்து கிடக்கோம், ஒவ்வொரு தலைமாட்டுலயும் ஒரு பிள்ளை முகமூடி போட்டுக்கிட்டு வேர்த்து நிக்குது. பல் காலேஜ்ல கடைசி வருஷப் பரீட்சை. பேப்பர் கிடையாது, பேனா கிடையாது, எங்க பல்லுலதான் எழுதணும். என் பல்லுக்கு இங்க ஃபோர் சிக்ஸ்னு பேரு. கீழ வலது பக்கம், பின்னாடி இருக்கிற பெரிய பல். என் வயசும் அதான்னு சொன்னதும் அந்தப் பொண்ணு விழுந்து விழுந்து சிரிச்சுது, நல்ல சகுனம்க்கான்னுச்சு. நல்ல சகுனம்தான். காலையில வெளியூர்லேருந்து பரீட்சை வைக்க வந்த பெரிய சார், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கிட்டு, ஏம்மா, இந்தப் பல்லு சும்மா இருக்கும்போது தானா வலிக்குதா, சூடு பட்டா வலி வந்து நிக்காம இருக்குதான்னு கேட்டாரு. இல்ல சார்னேன். பச்சைப் பொய். பத்து நாளா வலிக்குது.

ஏன் பொய் சொன்னேன்னு கேட்டா, அது ஏழு வாரத்துக் கதை. பஜார்ல பல் முகாம் போட்டப்ப, கடை வாசல்லயே இருக்குதேன்னு போய் வாயைக் காமிச்சேன். ஐஸ் தண்ணி குடிச்சா கூசுதுன்னு சொன்னேன், அவ்வளவுதான். இந்த ரிஸ்வானா, வாணியம்பாடிப் பொண்ணு, ஒல்லியா, கண்ணுக்குக் கீழ கருவளையம், குட்டிக் கண்ணாடியை வாய்க்குள்ள விட்டுத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டே இருந்துது. புத்துநோய்தான் போலன்னு நினைச்சுட்டேன். அது மெதுவா, அக்கா, இது எவ்வளவு அழகான சொத்தை தெரியுமான்னுச்சு. என் வாழ்க்கையில என்கிட்ட இருக்கிற ஒண்ணை யாரும் அழகுன்னு சொன்னது ரொம்பக் கம்மி, அதுவும் அழுகின ஒண்ணை. அப்பறம் வெவரம் சொல்லுச்சு. இந்தப் பரீட்சைக்கு ஏத்த மாதிரி சொத்தை வேணுமாம். ரொம்பச் சின்னதா இருந்தா சார் ஒத்துக்க மாட்டாரு, ரொம்பப் பெருசா இருந்தா நரம்பு வரைக்கும் போயிருக்கும், அது அடைக்கிற கேஸே இல்ல. ரெண்டு பல்லு ஒட்டற இடுக்குல, நடுத்தரமா, நரம்பைத் தொடாம இருக்கணும். அதுக்காகப் பிள்ளைங்க டார்ச் லைட்டை எடுத்துக்கிட்டு பஸ் ஸ்டாண்டுல எல்லாம் ஊரான் வாயைப் பாத்துக்கிட்டு அலையுமாம். பொண்ணு தேடற மாதிரி சொத்தை தேடறாங்க. அப்படிக் கிடைச்சா உடனே அடைச்சுடவும் கூடாது, பரீட்சை வரைக்கும் பத்திரமா வெச்சிருக்கணும். வேற எங்கயும் போய் அடைச்சுக்காதீங்கக்கான்னு கையைப் பிடிச்சுக்கிட்டுச்சு. சரிம்மா, அது எங்கயும் ஓடிப்போகாதுன்னேன். அன்னிக்கே காலேஜுக்குக் கூட்டிட்டுப் போய் எடுத்த எக்ஸ்ரே படம்தான் இப்பவும் என் தலைக்கு மேல அந்த வெள்ளை விளக்குப் பலகையில தொங்குது. ஏழு வாரத்துக்கு முந்தின பல்லு. அதுலயிருக்கிற பல்லும் என் வாயிலயிருக்கிற பல்லும் ஒண்ணுதானான்னு இந்த ஹால்ல எனக்கு மட்டும்தான் தெரியும்.

அன்னியிலேருந்து தினம் சாயந்திரம் நாலு மணிக்கு ஃபோன். அக்கா, சாப்டீங்களா, அந்தப் பக்கம் கடிக்கலியே, சீடை கீடை தின்னுடாதீங்க. பிள்ளைத்தாச்சியைப் பாத்துக்கிற மாதிரி. எனக்குச் சிரிப்பா வரும். வீட்டுக்காரர் லாரியோட பூனா, நாக்பூர்னு போயிடுவாரு, பேசினா டீசல், டயர்தான். பல்லுக் கூசுதுன்னு சொன்னதுக்குப் பிடுங்கிப் போடேன், இன்னும் எத்தனை இருக்குன்னாரு. கெட்டவர் இல்ல, அவருக்கு ஸ்டெப்னி இல்லாத சாமான் எதுவும் உலகத்துல கிடையாது. அதனால நாலு மணி ஆனா நான் மெஷினை நிறுத்திட்டு ஃபோனைப் பாத்துக்கிட்டு இருப்பேன். என்னக்கா, யாருன்னு கல்லாவுல இருக்கிற பொண்ணு கிண்டல் பண்ணும். என் பல்லுக்கு ஃபோன் வருதுடீன்னு சொல்லுவேன். ரிஸ்வானா எல்லாம் கேட்டுட்டுக் கடைசியில குரலை இறக்கி ஒண்ணு கேக்கும், தானா வலிக்கலியேக்கா? அந்தக் கேள்வியில மட்டும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருக்கும், ஃபோன்லயே தெரியும். இல்லம்மான்னு சொன்னதும் விடும். தானா வலிச்சா சொத்தை நரம்புக்குப் போயிடுச்சுன்னு அர்த்தமாம், பரீட்சைக்கு ஆகாதாம். முதல்ல நெசமாவே இல்ல. அப்பறம் போன வாரம் செவ்வாய்க்கிழமை, மத்தியானம், ஒரு சீர்வரிசைக் குடத்துல பேர் வெட்டிக்கிட்டு இருக்கேன், டீ வந்துது, ஒரு வாய் குடிச்சேன், காதுக்குள்ள யாரோ கம்பியை விட்டு முறுக்கின மாதிரி ஒரு வலி. டீயை வெச்சுட்டேன், வலி மட்டும் போகல. முக்கா மணி நேரம். மெஷின் ஆடக்கூடாதேன்னு இடது கையால வலது மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டு மிச்ச எழுத்தை வெட்டினேன். நாலு மணிக்கு ஃபோன் வந்துது. தானா வலிக்கலியேக்கா? இல்லம்மா. எனக்கே ஆச்சரியமா இருந்துது, எவ்வளவு சுளுவா வந்துது அந்த இல்லம்மா. பொய் சொல்லுன்னு அது ஒரு நாளும் சொன்னதில்ல. அது பயந்துக்கிட்டே கேட்டுது, நான் பயத்துக்குப் பதில் சொன்னேன்.

மெஷின் சத்தம் வருது. கீச்சுன்னு, என் மெஷினை விட எத்தனையோ மடங்கு மெல்லிசு. தண்ணி வேற பீச்சி அடிக்குது, பக்கத்துல ஒரு குழாய் அதை உறிஞ்சிக்கிட்டே இருக்கு. நான் ரிஸ்வானாவோட கையைத்தான் கவனிக்கிறேன். மோதிர விரலை என் முன்பல்லு மேல ஊனிக்கிச்சு. அட, நானும் சுண்டு விரலைப் பாத்திரத்து மேல ஊனிக்காம ஒரு புள்ளி வைக்க மாட்டேன். ஊனின விரல்தான் கைக்குக் கால். இந்தப் பொண்ணுக்குக் கை நல்ல கை, நடுங்கல, அழுத்தல, தொட்டுத் தொட்டு எடுக்குது. இதைக் கிட்டத்துல இருந்து பாக்க முடிஞ்சா எவ்வளவு நல்லா இருக்கும், மேல விளக்கு மூடியில லேசாத் தெரியுது, ஒரு சின்ன சிவப்பு வாய், அதுக்குள்ள விரல். எக்ஸ்ரே எடுத்த அன்னிக்கு ஒரு தட்டைக் காமிச்சு எதை எதை வெச்சு அடைப்பாங்கன்னு எல்லாம் சொல்லுச்சு, நான்தான் விடாம நச்சரிச்சேன். பல்லு நிறத்துல ஒண்ணு, களிம்பு மாதிரி இருக்கும், கொஞ்சம் கொஞ்சமா வெச்சு ஒவ்வொரு தடவையும் நீல வெளிச்சம் காட்டினா கல்லாயிடும். அதுக்கு ஈரம் ஆகாது, ஒரு சொட்டு எச்சில் பட்டாப் போச்சு, சில வருஷத்துல ஓரம் விட்டுடும். இன்னொண்ணு சிமெண்ட்டு, கண்ணாடிப் பொடி கலந்தது, அது பல்லோட தானா ஒட்டிக்கும், பல்லுக்கு நல்லதையும் கொஞ்சம் கொஞ்சமா விட்டுக்கிட்டே இருக்கும், ஆனா மெல்லற இடத்துக்குத் தாங்காது, குழந்தைங்களுக்கு வைப்பாங்க. தங்கம்கூட உண்டாம், அச்சு எடுத்து வெளிய வார்த்துக் கொண்டுவந்து ஒட்டறது, இப்பல்லாம் யாரும் கேக்கறதில்லையாம். அப்பறம் வெள்ளி. வெள்ளிப்பொடியில பாதரசம். ஒரு சின்ன குப்பியில ரெண்டும் தனித்தனியா இருக்கும், மெஷின்ல வெச்சா அது பேய் பிடிச்ச மாதிரி குலுக்கும், திறந்தா மெழுகாட்டம் வரும். குழிக்குள்ள வெச்சு அழுத்தும்போது கிறுக் கிறுக்னு சத்தம் கேக்கும், மறுநாளைக்கு இரும்பு. பாதரசம் விஷமாச்சேன்னேன். வெள்ளியோட கட்டிப்போட்டாச்சுக்கா, வெளிய அலையாதுன்னுச்சு. பரீட்சைக்கு வெள்ளிதான். எனக்கும் அதான் பிடிச்சுது, மெட்டலாச்சே, நம்ம ஜாதி. அதுல உன் பேரை வெட்டிடு, யார் அடைச்சாங்கன்னு கேட்டா வாயைத் திறந்து காமிக்கிறேன்னேன். சிரிச்சுக்கிட்டே, பேர் போட இடம் இல்லக்கா, ஆனா எங்க தலைமுறை போனாலும் அது இருக்கும்னுச்சு.

இருக்கும்தான். உள்ள என்ன நடக்குதுன்னு தெரியாம மேல இருக்கும். இதுலதான் வந்து வந்து நிக்குது மனசு. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாசம், ஒரு பெரிய சம்படத்து மூடியில மெஷின் முள்ளு வழுக்கி இவ்வளவு நீளத்துக்கு ஒரு கோடு விழுந்துடுச்சு. எவர்சில்வர்ல விழுந்த கோட்டை எந்த ரப்பராலயும் அழிக்க முடியாது. அழுகை வந்துது. அப்பறம் அந்தக் கோட்டையே காம்பாக்கி, ரெண்டு இலை, ஒரு பூ வெச்சேன். வாங்க வந்த அம்மா, ஐயோ, பூவெல்லாம் போட்டிருக்கீங்களே, ரொம்ப நல்லா இருக்குன்னு கன்னத்தைத் தொட்டுட்டுப் போனாங்க. அதிலேருந்து எங்க தப்பு விழுந்தாலும் பூ. இந்த ஊர்ல எத்தனை வீட்டுப் பாத்திரத்துல என் தப்பு பூத்துக்கிட்டு இருக்குன்னு எனக்குத்தான் தெரியும். ஒருத்தருக்கும் நஷ்டம் இல்ல, மூடிக்கு வலிக்கவா போகுது. ஆனா இது பல்லு. இன்னிக்கு வெள்ளியை வெச்சு அழகா மூடிடும், சார் மார்க் போடுவாரு, கைத்தட்டல், ரிஸ்வானா டாக்டர். உள்ள நரம்பு கொதிச்சுக்கிட்டே செத்துப்போகும், ஒரு மாசமோ ரெண்டு மாசமோ, கன்னம் வீங்கும், நான் வேற எங்கயாவது போய் அந்த வெள்ளியைத் தோண்டி எடுத்துப்பேன். அந்தப் பொண்ணுக்குத் தெரியவே தெரியாது. தெரிய வேண்டாமே. அஞ்சு வருஷம் படிச்சிருக்கு. இதுல போச்சுன்னா இன்னும் ஆறு மாசம், மறுபடியும் டார்ச் லைட்டு, மறுபடியும் பஸ் ஸ்டாண்டு. நான் வலி பொறுத்துக்கற ஆள்தானே, ரெண்டு பிள்ளை பெத்தப்பவே சத்தம் போடலைன்னு நர்ஸம்மா மெச்சினாங்க. என்னத்துக்கு மெச்சினாங்கன்னு இன்னிவரைக்கும் புரியல. கத்தியிருந்தா என்ன குறைஞ்சுபோயிருக்கும்.

மெஷின் நின்னுபோச்சு. இப்ப சின்ன கரண்டி. ஊறின வெல்லத்தைச் சுரண்டற மாதிரி எடுத்து எடுத்துப் பஞ்சுல துடைக்குது. பழுப்பா, ஈரமா. நான் கண்ணை ஓரமா உருட்டிப் பஞ்சைப் பாக்கறேன், இவ்வளவு நாளா அது என் உடம்புல ஒரு பாகம்னு நினைச்சா என்னமோ மாதிரி இருக்கு, ஆனாலும் பாக்காம இருக்க முடியல. இன்னும் எடுக்குது. இன்னும். கரண்டி நின்னுடுச்சு. ரிஸ்வானா தலையைத் தூக்கி அந்த எக்ஸ்ரே படத்தைப் பாக்குது, குனிஞ்சு பல்லைப் பாக்குது, திரும்பவும் படம். முகமூடிக்கு மேல கண்ணு மட்டும்தான், ஆனா கண்ணு போதும். படத்துல இவ்வளவு ஆழம் இல்லையேக்கான்னு முணுமுணுக்குது, என்கிட்டயா, அதுகிட்டயேவான்னு தெரியல. அப்பறம் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு, அதே குரல்ல, நாலு மணிக் குரல்ல, தானா வலிச்சதில்லையேக்கா? என் வாயில ரெண்டு பக்கமும் பஞ்சு, நாக்கைக் கண்ணாடி அமுக்குது, இல்லம்மான்னு சொல்லக்கூட முடியாது. சொல்ல முடியாததால ஒண்ணும் சொல்லல. சொல்லாததை இல்லன்னு எடுத்துக்கிட்டு, தலையை ஆட்டிக்கிட்டு, ஒரு சின்ன டப்பாவைத் திறக்குது. வெள்ளையா ஏதோ மருந்து, குழியோட அடியில பூசறது, அதுக்கு மேல சிமெண்ட்டு, அதுக்கு மேல வெள்ளி. இதையும் அன்னிக்குச் சொல்லிக்கொடுத்திருக்கு. நரம்புக்குப் பக்கத்துல போயிட்டா இது. நரம்பு நல்லா இருந்தா இது போதும். நல்லா இருந்தா. அதுக்குத்தான் கேக்குது. வேற யாரைக் கேக்கும், பல்லா வாயைத் திறந்து சொல்லும். ஏழு வாரம் தினம் கேட்டுது, கடைசிப் பத்து நாளும் நான் பூ போட்டுக் கொடுத்தேன். டப்பாவுலேருந்து ஒரு துளி அந்தக் குச்சி நுனியில ஏறிடுச்சு. எனக்கு இப்ப எங்கயுமே வலிக்கல. கட்டை மாதிரி இருக்கு. வலிக்காதப்ப வலிக்குதுன்னு எப்படிக் கை தூக்கறது, அதுக்கு ஒரு நியாயம் வேணாமா, போன வாரச் செவ்வாய்க்கிழமை வலிக்கெல்லாம் இன்னிக்குத் தூக்கலாமா. குச்சி வாய்கிட்ட வருது. இடது கை எழுந்திரிச்சுடுச்சு. நான் தூக்கினேன்னு சொல்ல மாட்டேன், பாத்தா அது மேல இருக்கு, வளையலோட, விளக்குக்குக் குறுக்கால.

"வலிக்குதாக்கா? இன்னொரு ஊசி போடட்டுமா?" பதறிப்போய்க் குச்சியை வெச்சுட்டுப் பஞ்சை எடுத்துது.

"இப்ப இல்ல." என் குரல் எனக்கே யாரோ குடிகாரன் பேசற மாதிரி கேட்டுது. "பத்து நாளா. சூடு பட்டா முக்கா மணி நேரம் நிக்காது. அப்பறம் சும்மா இருக்கும்போதே. தானா."

அது என்னையே பாத்துது. "காலையில சார்கிட்ட..."

"பொய் சொன்னேன்."

"என்கிட்டயும்?"

"உன்கிட்டதான் முதல்ல."

திட்டும்னு நினைச்சேன். திட்டியிருந்தா தேவலாம். கையுறையைப் பாத்துது, சுவத்துக் கடிகாரத்தைப் பாத்துது, பதினொண்ணே முக்கால். கண்ணு ரெண்டும் தளும்பிடுச்சு, துடைக்க முடியல, கையுறை இருக்கே. அப்பறம் நிமிர்ந்து நின்னு, இந்தப் பரீட்சையில சாரைக் கூப்பிடணும்னா என்ன பண்ணணுமோ அதைப் பண்ணுச்சு. கையைத் தூக்குச்சு.

பெரிய சார் வந்தாரு. ரிஸ்வானா ஒண்ணையும் மறைக்காம வரிசையா சொல்லுச்சு. சார் குனிஞ்சு பாத்தாரு, குழியைத் தட்டினாரு, ஏம்மா, காலையில கேட்டப்ப இல்லைன்னீங்களேன்னாரு. இந்தப் பொண்ணு சொல்லச் சொல்லுச்சான்னாரு. இல்ல சார், எனக்கே அப்படி ஒரு பழக்கம், யார் கேட்டாலும் ஒண்ணுமில்லன்னு வந்துடுதுன்னேன். அவர் ரிஸ்வானா பக்கம் திரும்பினாரு. இது அடைக்கிற பல் இல்ல, வேர் சிகிச்சை, இப்போதைக்கு மூடு, எதை வெச்சு மூடுவேன்னு அதைக் கேட்டாரு. லவங்க எண்ணெய் கலந்த பசை சார், தற்காலிகம், நரம்பை அமர்த்தும்னுச்சு. கையிலிருந்த அட்டையில சொருகின தாள்ல என்னமோ எழுதினாரு. எனக்குத் தலைகீழா எழுத்துப் படிக்க வரும், பாத்திரத்தை எதிர்ல பிடிச்சுக்கிட்டுப் பேர் சொல்ற ஜனங்களோட இருபது வருஷம் பழகினவ, ஆனா டாக்டர் எழுத்து நேரா இருந்தாலும் விளங்காது. ரிஸ்வானா பசையைக் குழைச்சு வெச்சு மூடுச்சு. அவ்வளவு கேட்டு அறிஞ்சுக்கிட்டு, வெள்ளி, தங்கம், சிமெண்ட்டுன்னு ஆசைப்பட்டுக் கடைசியில எனக்குக் கிடைச்சது தட்டுலயே இல்லாத ஒண்ணு. பிரியாணி வாசனை. பக்கத்து நாற்காலியில கிறுக் கிறுக்னு யாரோட வெள்ளியோ உள்ள போய்க்கிட்டு இருக்கு. எழுந்திருக்கும்போது, மன்னிச்சுக்கோம்மான்னேன். அது தட்டுல சாமானை அடுக்கிக்கிட்டே, இன்னும் ரெண்டு மணி நேரத்துக்குச் சூடா ஒண்ணும் குடிச்சுடாதீங்கக்கா, உதடு வெந்தாத் தெரியாதுன்னுச்சு. முகத்தைக் காமிக்கல.

நேரா கடைக்கு வந்துட்டேன். ஒரு குத்துவிளக்குக்குப் பேர் வெட்டணும், வெட்டல. உதடு கொஞ்சம் கொஞ்சமா திரும்பி வருது, முதல்ல ஓரம், அப்பறம் நடு, விரலால தொட்டுத் தொட்டு எங்க வரைக்கும் வந்திருக்குன்னு பாத்துக்கிட்டு இருக்கேன். இதுகூட வேடிக்கையாத்தான் இருக்கு. அதுக்குப் பின்னாடியே பல்லும் வந்துது. மணி மூணே முக்கால். இன்னிக்கு ஃபோன் வராது. ஏன் வரணும், அதுக்கு என் பல்லோட இனி என்ன வேலை, அது பரீட்சைப் பல்லே இல்லன்னு ஆயிடுச்சே. ஏழு வாரமா கேட்டது என்னையா, சொத்தையையான்னு இன்னிக்குத் தெரிஞ்சுடும். நாலு அடிச்சுது. நாலே கால். மெஷினைப் போட்டேன், குத்துவிளக்கை மடியில சாய்ச்சேன், முதல் புள்ளி வைக்கப் போறேன், மேஜை மேல ஃபோன் அதிருது.

"அக்கா, சாப்டீங்களா? மரத்தது போயிடுச்சா?" அழுத மூக்கோட பேசற குரல். பரீட்சையைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. நானும் கேக்கல. அப்பறம் அது கேட்டுது, "வலிக்குதாக்கா?"

வாய் வரைக்கும் வந்துடுச்சு அந்த இல்லம்மா. முழுங்கினேன்.

"வலிக்குதும்மா."

"எப்படி வலிக்குது? எப்பலேருந்து? எல்லாத்தையும் சொல்லுங்க, நான் எழுதிக்கறேன்." மறுபக்கம் தாள் புரட்டற சத்தம் கேட்டுது. மெஷினை நிறுத்திட்டு, குத்துவிளக்கை ஓரமா வெச்சுட்டு, அந்தச் செவ்வாய்க்கிழமை டீயிலேருந்து சொல்ல ஆரம்பிச்சேன்.